மூன்று நொடி நிழல்

கெர்வாவிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது.
நாற்பத்தொரு ஆண்டில் இதுதான் முதல் கடிதம் என்றாள் ஐசுலு.
பதிவேட்டைக் கடைசிவரை புரட்டிவிட்டுத்தான் சொன்னாள்.

"கராவுல் காவல் நிலையத்தாருக்கு.
உங்கள் நிலையம் நாள்தோறும் உச்சிவேளையில்
எங்கள் உப்பளத்தின் மேல் நிழல் போடுகிறது. மூன்று நொடி.
அந்த வெயில் எங்களுடையது.
இதுவரை சேர்த்தால் பன்னிரண்டரை மணி நேரம்,
அதாவது ஒரு முழுப் பகல்.
என்ன தருவீர்கள்?
இப்படிக்கு, நைரா கோண்டோரி, வெண்தளம் உப்பளச் சங்கம்."

தளபதி தல்காத் சிரித்த சிரிப்பில்
தேநீர் மூக்கில் ஏறி, துளித்துளியாக
அறை முழுக்க மிதந்தது.
"யாருக்காக இங்கே தொங்குகிறோமாம்?"
ஒவ்வொரு துளியாகத் துணியால் பிடித்துக்கொண்டே கேட்டார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

என் பொறுப்பு ஏழாவது பீரங்கி.
வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவேன்.
அது இதுவரை வாய் திறந்ததில்லை.
நான் வந்த இரண்டாம் ஆண்டில் ஏதோ ஒன்று நெருங்கியது.
விரல் விசையில் இருந்தது. தல்காத் "பொறு" என்றார்.
பனிக்கட்டி.
லாரி அளவு, அழுக்கு, தன் வழியே போய்விட்டது.
அன்றிலிருந்து அந்த விரலில் ஓர் அரிப்பு.
வைத்தியர் தோலைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்.

இங்கே இறந்தவர்கள் இரண்டு பேர்.
ஒருவருக்கு நெஞ்சுவலி. இன்னொருவரை ஒரு கதவு நசுக்கியது.
எதிரியின் கணக்கில் யாரும் இல்லை.
உப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது நாங்கள்தான்;
எங்கள் கஞ்சியில் அந்த உப்பும் கிடையாது,
ரத்த அழுத்தம் ஏறுமாம்.

மூன்றாம் இரவு ஐசுலு கணக்கோடு வந்தாள்.
வெயில் வாங்கும் இறகுகளைச் சற்றே சாய்த்தால்
நிழல் ஒரு கோடாக மெலிந்துவிடும்,
கீழே ஒருவர் கண்ணுக்கும் படாது.
"ஆனால் சாயும்போது," என்று நிறுத்தினாள்,
"ஏழு முதல் பதினொன்று வரை
பீரங்கிகளும் கூடவே திரும்பும்."
எங்கே என்று தல்காத் கேட்கவில்லை.
எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.
மூன்று நொடிதானே என்றார் கடைசியில்,
எங்களைப் பார்க்காமல்.

முதல் நாள்.
நிலையம் முனகிக்கொண்டு புரண்டது.
என் குறிக்கண்ணாடியில் எப்போதும் இருக்கும் கருப்பு
ஓரத்தில் கிழிந்து
வெள்ளை வந்தது.
எவ்வளவு வெள்ளை!
பாத்திகள், வரப்புகள், குவியல் குவியலாக உப்பு,
சுமையோடு வரிசையாக லாமாக்கள்.
குறிக்கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
வாருகோல் பிடித்த ஒரு பெண்.
தொப்பியைத் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்,
வராத நிழலைத்தான் தேடினாள் போலும்.
அவள்தான் நைராவா, தெரியாது.
ஒன்று, இரண்டு,
விரல் அரித்தது.

பிறகு மறுபடி கருப்பு,
காவல் காக்கும்படி எனக்குச் சொல்லப்பட்ட கருப்பு.

இப்போதெல்லாம் உச்சிவேளை வந்தால்
இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து
அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.
இங்கே எடை கிடையாது;
அதனால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுகிறேன்.
பக்கத்து இருக்கையில் எட்டாவது பீரங்கிக்காரன் எர்லான்
கண்ணை மூடிக்கொள்கிறான்.
ஒருவரை ஒருவர் எதுவும் கேட்பதில்லை.

சரக்குக் கப்பலில் ஒரு சாக்கு உப்பு வந்தது.
சாம்பல் நிறம், கொஞ்சம் ஈரம், நடுவில் ஒரு லாமா மயிர்.
கூடவே ரசீது: "வெயில் சரியாக வருகிறது.
பழைய பாக்கியைத் தள்ளிவிட்டோம்."

சமையலறையில் எல்லோரும் விரலால் தொட்டு நக்கினோம்.
தல்காத் இரண்டாம் முறையும் தொட்டார்.
நான் இடது கை விரலால் தொட்டேன்.

பதிவேட்டில் இன்றைக்கு என் முறை.
உச்சிவேளை, மூன்று நொடி, என்று எழுதினேன்.
"ஒன்றும் வரவில்லை" என்று வழக்கமாக எழுதும் இடத்தில்
பேனா நின்றுகொண்டிருக்கிறது.